குருடாயில் குழாயும் அண்ணனின் இரண்டு வண்டிகளும்

1

நான் குடியிருக்கும் வீடு நகரவில்லை. வாசலில் நிற்கும் பலாமரமும் நகரவில்லை. போன ஏப்ரல் முதல் தேதி வீட்டுக்கு அடியில் இருந்த நாட்டை மட்டும் மாற்றிவிட்டார்கள். இந்தியாவில் படுத்தவன் வெளிதேசத்தில் எழுந்தேன். பர்மா தனியாகப் பிரிந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது.

ரங்கூனிலிருந்து ஆற்றைத் தாண்டினால் சிரியம். இங்கே பெரிய எண்ணெய் ஆலை இருக்கிறது. வடக்கே வெகு தூரத்தில் கிணறுகளில் இறைக்கிற கச்சா எண்ணெய் நூற்றுக்கணக்கான மைல் குழாயில் வந்து இந்த ஆலையில் விழுகிறது. இங்கே காய்ச்சி வடித்து, கப்பலில் ஏற்றி, சென்னைக்கு அனுப்புகிறார்கள். நம் சேலம் ஜில்லாவில் எரிகிற சீமெண்ணெய் விளக்குகளில் பாதி எங்கள் ஊர் எண்ணெயில் எரிகிறது என்று இங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி வரை அது உள்நாட்டுச் சரக்கு. மறுநாள் முதல் இறக்குமதிச் சரக்கு. இரண்டு நாளும் நான் முகர்ந்து பார்த்தேன். நாற்றத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினாலு வருஷமாக அதைச் சரியாகச் சொல்லாமல் இருந்ததால்தான் இத்தனை வம்பும் வந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு கம்பு, ஒரு பை, ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு குழாயின் ஓரமாக ஐந்து மைல் நடப்பேன். கசிவு இருக்கிறதா, மண் சரிந்திருக்கிறதா, யாராவது துளை போட்டு எண்ணெய் பிடிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே போவேன். பிறகு அதே ஐந்து மைல் திரும்பி வருவேன். அவ்வளவுதான் வேலை.

ஊருக்கு எழுதிய கடிதங்களில், "எண்ணெய்க் குழாயை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. தினமும் பார்த்துக்கொண்டுதானே போகிறேன். ஆனால் படிக்கிறவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

2

என் ஊர் கரட்டுப்புதூர். சங்ககிரி ரயிலடியிலிருந்து திருச்செங்கோடு போகிற வழியில் மூன்றாவது மைலில் இருக்கிறது. அங்கே என் அண்ணன் செங்கோடன் இரண்டு மாட்டுவண்டி வைத்திருக்கிறார். அப்பா இறந்தபின் என்னை வளர்த்தவர் அவர்தான். இளவயதில் அவருடைய வண்டிக்குப் பின்னாலேயே நடந்து சலித்துப்போய்த்தான் நான் கப்பல் ஏறினேன். வந்த இடத்தில் குழாய்க்குப் பக்கத்தில் நடக்கிறேன். இதையும் கடிதத்தில் எழுதவில்லை.

நாடு பிரிந்த மறுமாதம் லீவு கேட்டேன். ஆபீஸ் குமாஸ்தா என்ன காரணம் என்று கேட்டார்.

"அண்ணனைப் பார்க்க வேண்டும்."

"உடம்பு சரியில்லையா?"

"நன்றாக இருக்கிறார்."

"கல்யாணமா?"

"அது ஆகி இருபது வருஷம் ஆகிறது."

"சாகவும் இல்லை, கல்யாணமும் இல்லை என்றால் எந்தக் கட்டத்தில் எழுதுவது?" என்று அலுத்துக்கொண்டு, கடைசியில் 'நில விவகாரம்' என்று எழுதினார். பொய்க் காரணமாக இருக்கிறதே என்று எனக்கு உறுத்தியது. ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அதைவிட மெய்யான காரணம் இருந்திருக்க முடியாது என்று தெரிந்தது.

துறைமுகத்தில் புதிதாக ஒரு படிவம் கொடுத்தார்கள். சொந்த ஊர் என்ன என்று கேட்ட எழுத்தருக்கு நான் மூன்று தரம் "கரட்டுப்புதூர்" என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் கராச்சி என்று எழுதிக்கொண்டார். சென்னையில் இறங்கியதும் எங்களைத் தனி வரிசையில் நிறுத்தி ஒரு அதிகாரி இந்துஸ்தானியில் விசாரித்தார். என் மனைவி குஞ்சம்மாள், "ஏனுங்க, நாம எங்கியோ தப்பா எறங்கிட்டமாட்ட இருக்குதுங்க" என்றாள்.

எங்கள் மகள் தைலம்மாளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சிரியத்தில் பிறந்தவள். அம்மாவிடம் தமிழ், தோழிகளிடம் பர்மியம், கணக்கு வாத்தியாரிடம் இங்கிலீஷ் என்று மூன்றையும் வைத்திருக்கிறாள். ஆனால் கோபம் வந்தாலும், எதையாவது மறுக்க வேண்டுமென்றாலும் வாயில் முதலில் வருவது பர்மியம்தான். 'அப்படி இல்லை' என்பதற்கு அவர்கள் 'மஹொபூ' என்பார்கள். அவள் ஒரு நாளைக்கு ஐம்பது தரமாவது அதைச் சொல்லுவாள்.

3

சங்ககிரி ரயிலடியில் அண்ணன் இல்லை. அதற்கு முன் நான் வந்த இரண்டு தரமும் ரயில் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வண்டியோடு நின்றவர் அவர். இந்தத் தரம் ஒரு குதிரைவண்டி நின்றது. அதன் பக்கத்தில் கையில் மாலையோடு ரைஸ்மில் ஆறுமுகம் நின்றார்.

எங்கள் ஊரில் எஞ்சின் வைத்து நெல் அரைக்கிற மில் அவருடையது. எனக்குத் தூரத்துப் பழக்கம்தான். அவர் மாலையை என் கழுத்தில் போட்டு, "வாங்க இஞ்சினீயர். உங்களுக்காகத்தான் காரியமே நிக்குது" என்றார்.

நான் இஞ்சினீயர் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மாலை புதுச் சாமந்தி. பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

வழியில் அவரே விஷயத்தைச் சொன்னார். மில் எஞ்சினுக்கு வேண்டிய குருடாயில், டிரம் டிரம்மாக ரயிலில் சங்ககிரிக்கு வருகிறது. அதைக் குரூட் ஆயில் என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து நாக்கில் அது குருடாயில் ஆகிவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டே பாதிப் பேர் அது பட்டால் கண் போய்விடும் என்று நம்பினார்கள். கிணற்றில் எடுத்த கச்சா எண்ணெய் அப்படியே வருவதில்லை, சீமெண்ணெய் வடித்தது போக மிச்சம் இருக்கிற கறுப்பு எண்ணெய்தான் வருகிறது என்று நான் விளக்கினேன். ஆறுமுகத்துக்கு அதில் அக்கறை இல்லை.

"உங்க கடிதாசு வந்தா நம்ம மில்லுலதானுங்க வாத்தியார் படிப்பாரு. உங்கண்ணனுக்குப் படிப்பில்லையல்லொ. 'நூத்துக்கணக்கான மைலு குழாய்ல எண்ணெய் ஆறாட்ட ஓடுது'ன்னு எழுதியிருந்தீங்க. அன்னைக்கே முடிவு பண்ணீட்டனுங்க. அவ்வளவு தூரம் ஓடறது மூணு மைலு ஓடாதா? சங்ககிரியில இருந்து மில்லுக்கு ஒரு குழாயப் போட்டுப்போடலாம்."

"இப்போது டிரம்மை யார் கொண்டுவருகிறார்கள்?" என்று கேட்டேன்.

"உங்கண்ணன் வண்டிதானுங்க" என்றார் ஆறுமுகம், சாலையைப் பார்த்துக்கொண்டு.

4

மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் வீட்டு வாசலில் இறங்கினேன். அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "வா" என்றார். பிறகு மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். பதினொரு நாளைக்கு அந்த ஒரு எழுத்தோடு சரி.

அண்ணி பாவாயிதான் எல்லாவற்றையும் சொன்னார். வண்டிக்கு வேறு வாடகை கொஞ்சம்தான். மில் டிரம்தான் நிலையான வேலை. அதை நம்பித்தான் அண்ணன் இரண்டாவது வண்டி கட்டினார், இரண்டாவது ஜோடி மாடு பிடித்தார். குழாய் வந்தால் ஒரு ஜோடியைச் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான்.

"வெளியாளு பண்ணியிருந்தா அவரு சும்மா இருந்திருவாரு கொழுந்தனாரே. தான் வளத்த தம்பி சொல்லித்தான் குழாய் வருதுன்னு ஊரே பேசுது. அதுதான் அவருக்கு ஆறல."

"நான் குழாய் போடச் சொல்லவில்லை அண்ணி."

"போட்டா நல்லா இருக்கும்னு எழுதினீங்கல்லொ."

"நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதினேன்."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்றார் அண்ணி.

தைலம்மாளுக்கும் பெரியம்மாவுக்கும் மட்டும் முதல் நாளே ஒட்டிக்கொண்டது. அதிலும் ஒரு குளறுபடி. "களி திங்கறயா சாமி?" என்று அண்ணி கேட்டால் இவள் "மஹொபூ" என்பாள். "தூக்கம் வருதா?" "மஹொபூ." இந்தக் குழந்தைக்குப் பூ என்றால் இவ்வளவு ஆசையா என்று அண்ணி உருகிப்போனார். ஒவ்வொரு தரம் இவள் மறுத்தபோதும் ஒரு முழம் பூ தலையில் ஏறியது. மூன்றாம் நாள் கனகாம்பரம் தீர்ந்து அரளிக்கு வந்துவிட்டார்கள். "அந்த மஹொபூ மட்டும் இந்தப் பக்கம் கெடைக்க மாட்டேங்குது. திருச்செங்கோட்டுத் தேர்க்கடையில விசாரிக்கோணும்" என்று அண்ணி என்னிடம் சொன்னார். வீட்டில் சிரிக்கக் கிடைத்த ஒரே விஷயம் அதுதான் என்பதால் நான் திருத்தவில்லை. குழந்தையும் திருத்தவில்லை. அவளுக்குப் பூ பிடித்திருந்தது.

5

பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை மத்தியானம், மில்லின் நெல் காயப்போடும் களத்தில் கூட்டம் போட்டார்கள். குழாய் போகிற வழியில் காடு கழனி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கமாக, மில் சுவரின் நிழலில் உட்கார்ந்தார்கள். அண்ணன் உட்காரவில்லை. பின்னால், வேப்பமரத்தில் சாய்ந்து நின்றார்.

ஆறுமுகம் முதலில் பேசினார். "வண்டி வந்தாத்தான் எஞ்சின் ஓடும்னு இருக்குது. மழை பேஞ்சா வண்டி வாரதில்ல. மாட்டுக்கு நோவு வந்தா வாரதில்ல. குழாயின்னா திருகுனா வரும். மில்லு நிக்காது, உங்க நெல்லும் நிக்காது."

கதர் உடுத்துகிற பள்ளிக்கூட வாத்தியார் சடையப்பன் எழுந்தார். "வண்டிய நம்பி நிக்கிறதுக்கே இவ்வளவு வருத்தப்படறீங்க. எண்ணெய் எங்கிருந்து வருது? பர்மாவுல இருந்து. அது இப்ப அந்நிய தேசம். அங்க ஒருத்தன் மூடீட்டான்னா இங்க உங்க குழாய்ல காத்துதானுங்க வரும். நம்ம மண்ணுல ஆமணக்கு இருக்குது, புங்கன் இருக்குது. சொந்தச் சரக்கிருக்க, கடல் தாண்டி வாரத எதுக்கு நம்போணும்?"

"புங்கெண்ணெயில எஞ்சின் ஓடுமுங்களா வாத்தியாரே?" என்றார் ஆறுமுகம்.

"நீங்க ஓட்டிப் பாத்தீங்களா?"

"நீங்க பேப்பர் படிக்கிறது எந்த வெளக்குலைங்க?"

"நான் பகல்லதானுங்க படிக்கிறேன்" என்றார் வாத்தியார், சற்றும் கலங்காமல்.

அடுத்துக் கருப்பாயி அக்கா எழுந்தார். புருஷன் இல்லாமல் தனியாக ஆறு ஏக்கரில் கல்லக்காய், அதாவது நிலக்கடலை, போடுகிறவர். குழாய் அவர் காட்டை நடுவில் கீறிக்கொண்டு போவதாக இருந்தது. "எனக்குப் பேச்செல்லாம் வராதுங்க. மேட்டூர்ல அத்தாம்பெரிய அணையக் கட்டுனாங்க. தண்ணி நம்ம பக்கமாத்தான் போவுது. நமக்கு ஒரு சொட்டு இல்லாம தஞ்சாவூருக்குப் போவுது. இப்ப எண்ணெயும் என்ர காட்டுக்குள்ள பூந்து மில்லுக்குப் போகோணுமா? எனக்கு அதுல என்ன இருக்குது? ஒடஞ்சு கசிஞ்சா என்ர கல்லக்காய் என்ன ஆவும்? அது பட்டா கண்ணு வேற போயிருமாமா."

"கண்ணெல்லாம் போகாதுங்க" என்றார் ஆறுமுகம். "எல்லாத்துக்கும் பதில் சொல்லத்தான் ஆளு வந்திருக்குது. நம்ம இஞ்சினீயர் சொல்லட்டும்."

நான் எழுந்தேன். குழாய் நல்லது என்று சொன்னால் அண்ணன் மாட்டை விற்க வேண்டும். கெட்டது என்று சொன்னால் பதினாலு வருஷம் நான் எழுதியதெல்லாம் என்ன என்று கேட்பார்கள். சோறு போடுகிற குழாயைப் பழித்துப் பேசவும் மனம் வரவில்லை. துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டேன்.

அந்த அமைதியில், பெண்கள் பக்கத்தில் யாரோ தைலம்மாளிடம் மெதுவாகக் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. "ஏங்கண்ணு, உங்கப்பன் அங்க அவ்வளவு பெரிய இஞ்சினீயரா?"

"மஹொபூ" என்றாள் என் மகள்.

"பாப்பாவுக்குப் பூ வேணுமாமா" என்று அண்ணி எழுந்தார்.

"பூ வேண்டாம் பெரியம்மா. இல்லைன்னு சொன்னேன். அப்படின்னா இல்லைன்னு அர்த்தம். அப்பா இஞ்சினீயர் இல்லை. குழாய் பக்கத்துல நடந்து போவார். தினம் பத்து மைல்."

அண்ணி பன்னிரண்டு நாள் பூவை மனதுக்குள் எண்ணிப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது. குஞ்சம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அது சிரிப்பா அழுகையா என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

மறைக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் பேச்சு தானாக வந்தது. ஆமாம், நான் நடக்கிறவன்தான் என்றேன். குழாய் தானாகத் தன்னைப் பார்த்துக்கொள்ளாது, ஒவ்வொரு ஐந்து மைலுக்கும் என்னைப் போல ஒருவன் நடந்துகொண்டே இருக்கிறான் என்றேன். மழைக்காலத்தில் முழங்கால் சேற்றில் நடந்ததையும், கசிந்த இடத்தில் இரண்டு வருஷம் புல் முளைக்காமல் கிடந்ததையும், எண்ணெய் திருட வந்தவர்கள் என்னையே துரத்தியதையும் சொன்னேன். கேலி பண்ணுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் பண்ணவில்லை. அந்த ஊரில் நடக்காதவர் யார்?

"தம்பி" என்று வேப்பமரத்தடியிலிருந்து குரல் வந்தது.

பன்னிரண்டு நாளில் அண்ணன் பேசிய இரண்டாவது வார்த்தை.

"ஒண்ணு கேக்கறேன். சங்ககிரியில எண்ணெய ஊத்தினா ஒடனே இங்க மில்லுல வந்து உழுவுமா?"

"உழுவாதுங்கண்ணா" என்றேன். அவர் பேச்சைக் கேட்டதும் என் பேச்சும் ஊர்ப்பேச்சாகிவிட்டது. "மொதல்ல மூணு மைலுக்கும் குழாய் ரொம்போணும். ரொம்பினதுக்கு அப்புறம் அங்க ஊத்தினாத்தான் இங்க உழுவும்."

"ரொம்ப எத்தன டிரம்மு வேணும்?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆறுமுகம் போடுவதாக இருந்தது இரண்டு அங்குலக் குழாய். அதில் நூறு அடிக்கு எவ்வளவு எண்ணெய் நிற்கும் என்பது எனக்கு மனப்பாடம். மகளைக் கூப்பிட்டு மூன்று மைலுக்குப் பெருக்கச் சொன்னேன். அவள் களத்துத் தூசியில் விரலால் கணக்குப் போட்டாள். வாத்தியார் குனிந்து பார்த்தார்.

"என்ன சாமி இது, ஜாங்கிரி சுத்தறயா?"

பள்ளியில் தோழிகளோடு பழகிய வழக்கத்தில் பர்மிய எண்ணில் எழுதியிருந்தாள். எல்லாம் வட்ட வட்டமாக இருந்தது. வாத்தியார் பக்கத்தில் தன் எண்ணில் மறுபடி போட்டார். இரண்டு பேருக்கும் ஒரே விடை வந்தது.

"சுமாரா அம்பது டிரம்மு" என்றார் வாத்தியார்.

அண்ணன் ஆறுமுகத்தைப் பார்த்தார். "மாசம் எத்தன டிரம்முங்க நான் கொண்டாரேன்?"

"நாலு" என்றார் ஆறுமுகம். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"அப்ப ஒரு வருசத்து எண்ணெயக் கருப்பாயக்கா காட்டுக்குள்ள பொதைச்சு வெச்சாத்தான் மில்லுக்கு மொதச் சொட்டு வரும். அதுவரைக்கும் எஞ்சினுக்கு எண்ணெய் யாருங்க கொண்டாருவா?"

முதலில் கருப்பாயி அக்காதான் சிரித்தார். பிறகு களமே சிரித்தது. ஆறுமுகம் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து, உண்மையிலேயே மனம் நொந்து கேட்டார். "இஞ்சினீயர், அந்த ரொம்பற சமாச்சாரத்த ஒரு கடிதாசுல ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதுங்களா?"

என்னை அவர் இன்னும் இஞ்சினீயர் என்றே கூப்பிடுகிறார்.

6

லீவு முடிந்து கிளம்பிய அன்று அண்ணன் தாமே வண்டி பூட்டினார். பாதி வழி போனதும் மாட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பத்து மைலும் வெறுங்காலுலயா நடக்கறே?"

"செருப்பு இருக்குதுங்கண்ணா. கம்பெனிக் கடைச் செருப்பு. சேத்துல மூணு மாசந்தான் தாங்கும்."

"நடக்கறவன்னு எழுதியிருந்தா நம்மூர்ல தெச்சு அனுப்பியிருப்பனே. பைப்பு இஞ்சினீயருக்குச் செருப்பு எதுக்குன்னு இருந்துட்டேன்."

வண்டியை ஓரமாக நிறுத்தி, என் காலை வண்டிப் பலகையில் வைக்கச் சொல்லி, அடுப்புக்கரித் துண்டால் சுற்றிக் கோடு போட்டார். இரண்டு காலுக்கும் போட்டார். எனக்கு முப்பத்தாறு வயது. காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சின்னப் பையனைப் போல உட்கார்ந்திருந்தேன். தைலம்மாள் பார்த்துச் சிரித்தாள். தன் காலையும் நீட்டினாள். அவளுக்கும் ஒரு கோடு போட்டார்.

அதன் பிறகு ஊரில் நடந்ததை வாத்தியார் எழுதினார். குழாய்க்காக அளந்த அதே காடுகளில், புரட்டாசி மாதம் வேறு ஆட்கள் வந்து அளந்தார்களாம். மேட்டூர் அணையில் எடுக்கிற மின்சாரத்துக்குக் கம்பம் நட வந்தவர்கள். கருப்பாயி அக்கா அவர்களிடமும் தனக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். கிணற்றுக்கு மோட்டார் வைக்கலாம் என்றதும் கம்பத்தை எங்கே வேண்டுமானாலும் நட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். கம்பங்களை ரயிலடியிலிருந்து ஏற்றி வந்தவை அண்ணனின் இரண்டு வண்டிகள். ஆறுமுகம் மில்லுக்குக் கரண்ட் இழுத்துவிட்டார். வாத்தியாருக்குச் சந்தோஷம், நம் தண்ணீரில் நம் மில் ஓடுகிறது என்று. மோட்டாரில் ஜெர்மனி என்று எழுதியிருப்பதைப் பார்த்தபின் சந்தோஷம் கொஞ்சம் குறைந்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். மாசியில் இரண்டு நாள் கரண்ட் வராமல் போய், பழைய எஞ்சினைத் துடைத்து எடுத்து, குருடாயிலுக்கு அண்ணனிடம் ஆள் அனுப்பினாராம் ஆறுமுகம். அண்ணன் கம்பம் ஏற்றப் போயிருப்பதாகப் பதில் வந்ததாம்.

போன வாரம் ரங்கூன் பார்சல் ஆபீசிலிருந்து எனக்கு ஒரு சீட்டு வந்தது. லீவு போட்டுப் படகேறிப் போனேன். உள்ளே ஒரு துணிப்பொட்டலம், இரண்டு ஜோடி செருப்பு. ஒன்று பெரிது, ஒன்று சின்னது. தோல் அடுக்கித் தைத்து, குதிகாலில் லாடம் அடித்தது. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு வயதான பர்மியக் குமாஸ்தா புது விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். இந்தியாவிலிருந்து வரும் சாமான் வெளிநாட்டுச் சாமானா, அதற்குத் தீர்வை உண்டா என்று அவருக்கே நிச்சயம் இல்லை. பக்கத்து ஜன்னல்காரரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை.

"வியாபாரத்துக்கா?" என்று கேட்டார்.

"இல்லை. எனக்கும் மகளுக்கும்."

"என்ன வேலை செய்கிறீர்கள்?"

"குழாய் ஓரமாக நடக்கிறேன்" என்றேன்.

அவர் எழுந்து, ஜன்னல் வழியாக எட்டி என் காலைப் பார்த்தார். கம்பெனிச் செருப்பில் ஒன்றைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தேன். உட்கார்ந்து, உபயோகித்ததற்குத் தீர்வை இல்லை என்று சொல்லி, படிவத்தில் 'உபயோகித்த பொருள்' என்று எழுதினார். இன்னும் உபயோகிக்கவில்லையே என்று நான் நேர்மையாகச் சொன்னேன். பதினாலு வருஷம் சுற்றி வளைத்து எழுதியவனுக்கு அந்த அளவு ரோஷம் வந்திருந்தது.

"போட்டுக்கொண்டு அந்தக் கதவு வரை நடங்கள்" என்றார். "அதற்குள் முத்திரை குத்திவிடுகிறேன்."

போட்டுக்கொண்டு நடந்தேன். இரண்டு காலுக்கும் அளவு சரியாக இருந்தது.